தெய்வமாடுதல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ் ஊர்களில் அம்மன், காளி, வைரவர், வீரபத்திரர் முதலிய தெய்வங்கள் ஓர் ஆளின் மேல் இறங்கி ஆடுவதும், அந்த ஆளின் வாயால் வாக்குச் சொல்வதும் தெய்வமாடுதல் எனப்படும். ஆடுபவர் தெய்வக்காரர். பூசையை நடத்துபவர் கட்டாடியார் அல்லது கப்புகனார். வைகாசியில் கண்ணகிக்கு நடக்கும் ஆண்டு விழாவை ஊரார் திருவிழா என்று சொல்வதில்லை, சடங்கு என்பார்கள்.

இந்த வழக்கம் செறிந்திருக்கும் நிலத்தைக் கல்முனையிலிருந்து பார்க்கலாம். கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டினால் நாவிதன்வெளி. மாரியில் வெள்ளம் மேவினால் அந்தப் பாதை நின்றுவிடும். அப்பால் வயல்வெளி, கல்லோயாத் திட்டத்தில் எழுந்த குடியேற்றங்கள், அயலில் மண்டூர். மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேச்சின்றிப் பூசை செய்கிறார். இப்பால் கடற்கரைப் பக்கம் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன். புரட்டாதியில் பாரதக் கதை நிகழ்த்தி, 18ஆம் நாள் தீ மிதிப்பார்கள். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி இருக்கிறாள். இந்தத் தமிழ் ஊர்களுக்கு இடையிடையே மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊர்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பேரில் ஆண்டுதோறும் கொடியேறும். இரண்டு சமூகத்துக்கும் தாய்வழிக் குடிமுறை பொது.

கண்ணகி இங்கு எப்போது வந்தாள்? சிலப்பதிகாரம், சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் இருந்ததாகச் சொல்கிறது. அவனை 2ஆம் நூற்றாண்டின் முதலாம் கஜபாகு என்று கொள்வது மரபு. சிங்கள பௌத்தர்களிடம் அவள் பத்தினித் தெய்யோ. அவள் பேரில் நடக்கும் தமிழரின் கொம்புமுறியும் சிங்களவரின் அங்கெலியவும் இரு கொம்புகளைக் கோத்து இரு கட்சிகள் இழுக்கும் ஒரே விளையாட்டுத்தான். கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெரிய நூல், பத்தினி வழிபாட்டின் இந்த இரு கிளைகளையும் சேர்த்தே ஆராய்கிறது.

சடங்கின் உச்சம் குளிர்த்தி. அதற்கு முந்திய நாட்களில் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரையை நாளுக்கு ஒரு பகுதியாகப் பாடி வருவார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவள் இன்னும் சூட்டோடு நிற்கிறாள் என்பதுதான் இதன் அடிப்படை. உடுக்கும் சிலம்பும் ஒலிக்க, வேப்பிலையும் பூவும் மஞ்சளும் கலந்த குடத்து நீரை மெல்லக் கலக்கிக்கொண்டே குளிர்த்திப் பாட்டுப் பாடப்படும். பாட்டு முடிந்ததும் அந்த நீர் கூடியிருப்போர் மேல் தெளிக்கப்படும். தாய்மார் பிள்ளைகளை முன்னே தள்ளி நிறுத்துவார்கள். சின்னமுத்தும் கொப்புளிப்பானும் 'அம்மாள் வருத்தம்' என்று அழைக்கப்படும் ஊரில், அந்த ஒரு துளி நீருக்கு எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வழிபாடுகள் இரண்டு பக்கமிருந்தும் அடி வாங்கின. திருநெல்வேலியில் பணியாற்றிய கிறித்தவ மிஷனரி கால்டுவெல் 1849இல் எழுதிய நூலில் அங்குள்ள நாட்டார் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று வகைப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், கண்ணகி சமணச் செட்டிப் பெண், சைவர் வணங்கத் தக்கவள் அல்லள் என்று கண்டித்தார். அதன் பிறகு வடக்கே பல கண்ணகி கோயில்கள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. கிழக்கு அவளை விடவில்லை. சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைத் துலக்கி 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்தது கண்ணகியின் காரைதீவில்தான்.

மேலை நாட்டில் 'பேகன்' என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. லத்தீனில் அது நாட்டுப்புறத்தானைக் குறிக்கும் சொல். கிறித்தவம் பரவியபோது வசைச்சொல் ஆயிற்று. நம் 'நாட்டார்' என்ற சொல்லுக்கு அது அயல்வீட்டு உறவு. 20ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லைப் பெருமையோடு எடுத்துச் சூடிக்கொண்டவர்களின் முன்னோடி ஜெரால்ட் கார்ட்னர். 1884இல் பிறந்த இந்த ஆங்கிலேயர் 1900இல் இலங்கை வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். பிறகு போர்னியோ, மலாயா என்று சுற்றி ஊர் திரும்பினார். பிரித்தானியாவின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின், 1954இல் தம் நூலை வெளியிட்டு விக்கா என்ற நவீன பேகன் நெறியை உலகறியச் செய்தார். ஐஸ்லாந்தில் பழைய நோர்ஸ் தெய்வங்களை வணங்கும் அசாத்ரூ 1973இல் அரசின் ஏற்பைப் பெற்றது.

இந்த நவீன பேகன்கள் சாத்தானை வணங்குகிறார்கள் என்பது முதல் தப்பெண்ணம். சாத்தான் கிறித்தவ மறைநூலின் பாத்திரம். விக்காவில் அவனுக்கு இடமே இல்லை. இரண்டாவது தப்பெண்ணம் உள்ளிருந்தே வந்தது. தங்கள் நெறி கற்காலம் தொட்டு அறாமல் மறைவில் தொடர்ந்தது என்று தொடக்கத்தில் பலர் நம்பினர். மார்கரெட் மரே 1921இல் சொன்ன அந்தக் கருத்து நிற்காது, விக்கா நவீன காலத்தில் உருவானது என்று வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் நிறுவினார். பேகன்களில் பலர் அதை ஏற்றுக்கொண்டே தம் வழிபாட்டைத் தொடர்கிறார்கள். அது அவர்களின் நேர்மையைக் காட்டுகிறது.

கிழக்கின் நிலை இதற்கு நேர்மாறு. இங்கே தொடர்ச்சி உண்டு. ஆனால் மாறாத பழமை என்று நினைத்தால் அதுவும் பிழை. கட்டாடியார் பூசை செய்த கோயில்கள் சிலவற்றில் இன்று பிராமணக் குருக்கள் பூசை செய்கிறார்கள். ஓலைக்கொட்டில் கோயில்கள் கோபுரம் கண்டு கும்பாபிஷேகம் காண்கின்றன.

நெறிக்குள் வரும் வழியில்தான் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. மார்கோ அட்லர் 1979இல் அமெரிக்க பேகன்களைப் பற்றி எழுதிய நூலில், பலர் தாங்கள் மதம் மாறியதாகச் சொல்லவில்லை, வீடு வந்து சேர்ந்ததாகவே உணர்ந்தார்கள் என்று பதிந்தார். ஒரு புத்தகம், ஒரு நண்பர், ஒரு காட்டு நடை அவர்களை அங்கே சேர்த்தது. தெய்வக்காரர் அப்படித் தேடிப் போவதில்லை. கட்டாடியார் பொறுப்புக் குடிவழியில் வரும். தெய்வமோ யாரிடமும் வரலாம். தீராத நோய், ஓயாத கனவு, சடங்கில் பறை அதிரும்போது தன்னையறியாமல் எழும் நடுக்கம் என்று தொடங்கும். வந்தது தெய்வமா, வேறேதுமா என்று மூத்தவர்கள் பார்ப்பார்கள். பிறகு நோன்பும் கட்டுப்பாடும். பலர் முதலில் மறுத்து அழுதே பின்னர் ஏற்கிறார்கள்.

போர்க்காலம் இந்த வழியை அகலமாக்கியது. 1990களில் மட்டக்களப்புப் பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், காணாமல் போன மகனையும் கணவனையும் பற்றிக் கேட்கத் தாய்மார் தெய்வக்காரப் பெண்களிடம் வந்ததை எழுதியிருக்கிறார். வாக்குச் சொன்ன பெண்களிலும் உறவை இழந்தவர்கள் இருந்தார்கள். வெளியே வாய் திறக்க அஞ்சிய காலத்தில், அம்மன் முன்னால் அந்தப் பெயர்களை உரக்கச் சொல்லி அழ முடிந்தது. இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுபவர்கள், அந்தத் தாய்மார் வேறு எங்கே போயிருக்கலாம் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்குவது நல்லது. கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தை அயலவர் சிலர் இந்தச் சடங்குகளின் சாயல் என்பர். முஸ்லிம் சீர்திருத்தவாதிகளும் அதைக் கண்டிப்பதுண்டு. நாகூர் ஆண்டகை சூபி மரபின் இறைநேசர். அவர் பேரில் நடப்பது அந்த மரபுக்குள் நின்றே விளங்கிக்கொள்ள வேண்டியது.

இங்கிலாந்து, வேல்ஸ் 2021 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் சமயத்தைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதினார்கள். இலங்கைக் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டாடியாரும், தெய்வக்காரப் பெண்ணும், குளிர்த்தி நீருக்குப் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கும் தாயும் 'இந்து' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்குகிறார்கள்.