அடைத்து வைத்த உயிருக்குத் தண்ணீர்: எங்கள் தீவுகளின் பழைய கதை

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்குள்ள கல்வெட்டை நின்று பார்த்திருப்பீர்கள்? பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. சிங்கள அரசனின் கட்டளை, ஆனால் பொறித்திருப்பது தமிழில். பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து 1963இல் கட்டுரை வெளியிட்டார். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய எங்கள் ஊர்காவற்றுறைக்கு வந்து சேர வேண்டும் என்கிறது கல்வெட்டு. கப்பல் உடைந்துபோனால் என்ன செய்வது என்றும் சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் என்றால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி.

ஏன் இந்த வேறுபாடு? படைக்கு யானையும் குதிரையும் வேண்டும், அதனால் அந்த வணிகனுக்குச் சலுகை என்பது நேரான விளக்கம். வகுப்பில் நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதுண்டு. மிளகு மூட்டை தண்ணீர் கேட்காது. பட்டுத்துணி கேட்காது. குதிரை கேட்கும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 40 லீற்றர் வரை குடிக்கும், யானைக்கு நூறு லீற்றரும் போதாது. முப்பது லீற்றர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதக் கடற்பயணத்துக்கு ஒரு குதிரைக்கு 900 லீற்றர். ஐம்பது குதிரை ஏற்றினால் 45,000 லீற்றர். சுற்றிவரக் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. இவ்வளவையும் கரையிலேயே இறைத்து ஏற்றியாக வேண்டும். அந்த வணிகன் சும்மா வியாபாரி அல்ல, ஒரு நடமாடும் கிணற்றுக்கே சொந்தக்காரன்.

13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ் துறைமுகத்தைப் பார்த்த மார்க்கோ போலோ அந்தக் கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இரும்பு ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மரக்கலங்கள். சரக்கை ஏற்றி, மேலே தோலை விரித்து மூடி, அந்தத் தோலின் மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்களாம். காயலிலும் பாண்டிநாட்டுக் கரையிலும் அவற்றை இறக்கிய வணிகர்களில் பெரும்பாலோர் அரபு, பாரசீக முஸ்லிம்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்த குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துக்கொண்டே இருந்தன என்றும் அவர் சொல்கிறார். செத்தால் மறுபடி வாங்குவார்கள், வியாபாரம் நிற்காது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும்.

இப்போது ஏன் இந்தக் கதை என்று கேட்பீர்கள். எங்கள் பிள்ளைகள் நாய்க்குட்டி வளர்க்கும் ஆசையில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குட்டியைப் பெட்டிக்குள் வைத்து, குறிகட்டுவானில் படகேற்றித் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். வீட்டில் கம்பிக் கூடு வாங்கி வைத்துப் பகலில் அதற்குள் அடைக்கிறார்கள். கூட்டில் அடைப்பதை நான் குறை சொல்லவில்லை. தெருவில் வாகனத்தில் அடிபடுவதைவிடக் கூடு நல்லது. ஒரு மாணவன் கேட்டான்: "சேர், உள்ள தண்ணி வைச்சா தட்டிக் கொட்டிப்போடும், பிறகு மூத்திரமும் பெய்யும். பின்னேரம் திறக்கேக்க குடுத்தாக் காணாதா?"

காணாது.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு இரண்டு ஹதீஸ்கள் உண்டு, இரண்டும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பவை. ஒன்று எல்லோருக்கும் தெரியும்: பாலைவழியில் தாகித்த ஒருவர் கிணற்றில் இறங்கிக் குடித்துவிட்டு மேலே வருகிறார். ஒரு நாய் தாகத்தில் ஈரமண்ணை நக்குவதைக் காண்கிறார். திரும்ப இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறி, நாய்க்குக் கொடுக்கிறார். அதற்காகவே அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. நாயின் எச்சில் பற்றி ஷாபிஈ மத்ஹபின் சட்டம் வேறு விஷயம், பாத்திரத்தைக் கழுவும் முறையும் தெரிந்ததுதான். தாகம் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. மற்ற ஹதீஸை நாம் குறைவாகவே பேசுகிறோம். ஒரு பெண் பூனையை அடைத்து வைத்தாள். உணவும் நீரும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன விடவும் இல்லை, பூனை செத்தது. அவளுக்குத் தண்டனை. கவனியுங்கள், அவள் அடித்துக் கொல்லவில்லை. தேடிக் குடிக்கும் வழியை அடைத்தாள், அடைத்த பிறகு தானும் கொடுக்கவில்லை. முதல் ஹதீஸில் வருபவர் செய்தது நன்மை, செய்யாவிட்டாலும் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணிடம் இருந்தது கடன்.

மனிதர்களுக்கும் இதே கதி நேர்ந்த இடம் எங்கள் கண்ணெதிரே கடலில் நிற்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே உள்ள கடற்கோட்டையைச் சொல்கிறேன், ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. 1658 மார்ச்சில் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டார்கள். சுவர் தடித்தது, சுற்றிவரக் கடல், பீரங்கியும் இருந்தது. குடிதண்ணீர் அற்றுப்போனதும் இரண்டு வாரமளவில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். ஆயுதம் ஏந்திய மனிதனுக்குச் சரணடையவாவது வாய் இருந்தது.

அடுத்தது நெடுந்தீவு. போர்த்துக்கேயர் அதைப் பசுக்களின் தீவு என்றார்கள். ஒல்லாந்தர் தங்கள் நகரத்தின் பெயரான டெல்வ்ற் என்பதை வைத்தார்கள், தீவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் இன்றும் பரவலாக வழங்குவது அதுதான். அங்கே குதிரை வளர்த்தார்கள். யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த ஸ்வார்டகுரூன் 1697இல் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில் தீவுகளின் குதிரை வளர்ப்பும் பேசப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயருக்காக நோலன் என்ற அதிகாரி அந்தப் பண்ணையை நடத்தினார். பிறகு பண்ணை நின்றது. லாயத்தின் பவளக்கல் தூண்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. குதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோக யாரும் வரவில்லை.

இன்று தரவையில் திரிகின்ற குதிரைகள் அவற்றின் வழிவந்தவை. "காட்டுக் குதிரை" என்று சுற்றுலா விளம்பரங்களில் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. கடல் தாண்டி மனிதன் கொண்டுவந்து இறக்கிய பிராணி அது. நெடுந்தீவில் ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மழைநீர் மிதக்கிறது, அதுதான் கிணற்று நன்னீர். கூட இறைத்தால் உவர் ஏறும். மாரிமழை மார்கழியோடு ஓய்ந்தால், அடுத்த ஐப்பசி வரை குளங்களும் துரவுகளும் ஒவ்வொன்றாக வற்றும். பெருநிலத்துக் குதிரை என்றால் நடந்து வேறு குளம் தேடும். இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் கடல். கம்பி இல்லாவிட்டாலும் தீவு ஒரு கூடுதான். வறட்சியில் அவை செத்த செய்திகளையும் வாசித்திருக்கிறோம், தொட்டி வைத்து நீர் நிரப்பியவர்களையும் கண்டிருக்கிறோம். 2015இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பெயர்ப்பலகை குதிரையின் தாகத்தைத் தீர்க்காது, ஒவ்வொரு ஆடியிலும் ஆவணியிலும் யாராவது தொட்டியைப் பார்க்க வேண்டும்.

எங்கள் முன்னோருக்கு இது சொல்லித்தர வேண்டியதாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களில் மடம் இருக்கும், பக்கத்தில் கிணறு, சுமைதாங்கி, மாடு உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், அதோடு மாட்டுக்கு ஒரு கல்தொட்டி. வழிப்போக்கன் தனக்கு அள்ளும்போது தொட்டிக்கும் ஒரு வாளி ஊற்றுவான். நுகத்தில் பூட்டிய மாடு தானாகப் போய்க் குடிக்க முடியாது என்பது வண்டிக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணி நேரம் கிடைத்தது. எங்கள் வீட்டில் இரண்டு ஆடுகள் கட்டி நின்றன. உம்மா கயிற்றை அவிழ்த்துவிட்டு, கிணற்றடித் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் படி தாண்டினார். வாப்பா பத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

சட்டமும் உண்டு. மிருகவதைத் தடைக் கட்டளைச்சட்டம், 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். அதில் எழுதிய தண்டம் நூறு ரூபாய். இன்று அந்தக் காசுக்கு ஒரு போத்தல் தண்ணீர்தான் வரும்.

சரி, அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை ஆற்றும், இளைக்க இளைக்க ஈரம் போகும். வளர்ந்த நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லிலீற்றர் வேண்டும். குட்டிக்கும் வெயில் நாளுக்கும் இன்னும் கூட. மூன்று கிலோக் குட்டி என்றால் ஒரு தேநீர்க் கோப்பைக்கு மேல். கொட்டிவிடும் என்பது உண்மைதான், அதற்கும் வழி உண்டு. 1957 நவம்பரில் சோவியத்காரர்கள் லைக்கா என்ற நாயை ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் அடைத்து அனுப்பியபோது, சிந்தாமல் இருக்க உணவையும் நீரையும் களியாக உறையவைத்து வைத்தார்கள். அவ்வளவு யோசித்தவர்கள் திருப்பிக் கொண்டுவர வழி செய்யவில்லை. சூட்டில் சில மணி நேரத்திலேயே அது செத்தது, அந்த உண்மை வெளிவர 2002 ஆனது.

எங்களுக்கு விண்கலம் தேவையில்லை. அடி அகலமான பாரமான மண்சட்டி போதும், அல்லது ஒரு பால்மா ரின்னின் விளிம்பைத் தட்டி மழுக்கி, குட்டியின் நெஞ்சு உயரத்தில் கூட்டுக் கம்பியோடு கம்பி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பாதி நிரப்பினால் சிந்தாது. நீங்கள் குடிக்கும் நன்னீரையே வையுங்கள், உவர்க் கிணற்று நீர் வேண்டாம். இரவு படுக்க முன் ஒன்றிரண்டு மணி நேரம் பாத்திரத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள் சிலர். அது பகல் முழுக்கக் குடித்து, குளிர்ந்த வீட்டுக்குள் தூங்கும் குட்டிக்குச் சரி. தகரக் கூரையின் கீழ் பகலில் அடைத்த குட்டிக்கு அல்ல. மூத்திரத்துக்குப் பயந்தால் அடிக்கடி வெளியே விடுங்கள்.

படகில் கொண்டுபோகிறவர்கள் பெட்டிக்குக் காற்றுத் துளை போடுங்கள், இயந்திரப் பக்கமாகவோ வெயிலிலோ வைக்காதீர்கள். நெடுந்தீவுக்குப் போக ஒரு மணி நேரமளவு பிடிக்கும், குறிகட்டுவானில் காத்திருக்கும் நேரம் வேறு. ஏறுமுன் கொஞ்சம் குடிக்கக் கொடுங்கள், போகும் வழியில் கையில் ஊற்றி நக்க விடுங்கள். இறங்கியதும் நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். படம் எடுத்து முகநூலில் போடுவது பிறகு.