ஜூஜூவாடி செக்போஸ்ட்டும் ஒரு கையெழுத்தும்

ஓசூர்ல இருந்து பெங்களூர் போற பஸ்ல ஏறினா, ஜூஜூவாடி தாண்டினதும் கண்டக்டர் குரல் தவிர எல்லாமே மாறிடும். போர்டு கன்னடம், கடைப் பேரு கன்னடம், அடுத்த ஸ்டாப் அத்திப்பள்ளி. ஆனா 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு இந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்தவங்க சட்டப்படி ஒரே மாதிரி 'இந்தியர்' ஆகலைங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப்பக்கம் ஓசூர் அப்போ சேலம் மாவட்டம், சென்னை மாகாணம். அதாவது நேரா வெள்ளைக்காரன் ஆண்ட இடம். அந்தப்பக்கம் மைசூர் சமஸ்தானம், மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். சென்னை மாகாணத்தை யாரும் "இந்தியாவுல சேர்றியா?"ன்னு கேக்கலை. ஆட்சி கை மாறிச்சு, அவ்வளவுதான். மைசூர் கதை வேற. அங்க மகாராஜா இணைப்புப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டார். அதுவும் மூணே விஷயத்துக்கு: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு. மத்ததெல்லாம் மைசூர் கையிலயே.

இந்த இடத்துல அமெரிக்காவைக் கொஞ்சம் இழுத்துக்கறேன், பொறுத்துக்குங்க. அவங்களோட வெர்ஷன் 1.0 கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்துச்சு. 1781ல நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு ஒப்பந்தம். 13 மாநிலம், ஆளுக்கு ஒரு ஓட்டு. மத்திய காங்கிரஸுக்கு வரி போடற அதிகாரம் கிடையாது, மாநிலங்கள்கிட்ட கையேந்தணும். ஒப்பந்தத்துல ஒரு வரி திருத்தணும்னா 13 பேரும் சம்மதிக்கணும். நம்ம டீம்ல 13 பேரும் ஓகே சொன்னாத்தான் ஒரு பேட்ச் போகும்னா எந்த ப்ராஜெக்ட் உருப்படும்?

சிக்கலை வெளிய கொண்டு வந்தது பெரிய தத்துவம் எதுவும் இல்ல, ஆறும் வியாபாரமும்தான். பொட்டோமாக் ஆத்துல படகு விடறது பத்தி வர்ஜீனியாவும் மேரிலாந்தும் 1785ல உக்காந்து பேசினாங்க. அது அடுத்த வருஷம் அன்னபோலிஸ்ல வியாபாரம் பத்தின கூட்டமாச்சு. வந்தது அஞ்சே மாநிலம். அவங்க கூப்பிட்டதுதான் 1787 பிலடெல்பியா. 55 பேர், கதவைச் சாத்திட்டு, மே முதல் செப்டம்பர் வரைக்கும் பேசி, பழசைத் திருத்தறதுக்குப் பதிலா மொத்தமா புதுசா எழுதிட்டாங்க. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பலை. வாஷிங்டன் 1789ல பதவி ஏத்ததுக்கு அப்புறம், 1790லதான் அந்த மாநிலம் வந்து சேர்ந்துச்சு.

சரி, ஓசூருக்கு வருவோம். மைசூர்ல கையெழுத்து ஆச்சே தவிர மக்கள் ஆட்சி வரலை. 1947 செப்டம்பர்ல 'மைசூர் சலோ' போராட்டம் வெடிச்சுது. அக்டோபர்லயே மகாராஜா இறங்கி வந்தார், கே.சி.ரெட்டி தலைமையில மந்திரிசபை. மைசூருக்குன்னு தனியா ஒரு அரசியல் நிர்ணய சபைகூட இருந்துச்சு! கடைசியில அவங்க, டெல்லியில எழுதற அரசியல் சட்டமே நமக்கும் போதும்னு முடிவு பண்ணாங்க. 1949 நவம்பர்ல மகாராஜா அதை ஏத்துக்கிட்டுப் பிரகடனம் விட்டார். மூணு விஷயத்துக்குப் போட்ட கையெழுத்து ரெண்டு வருஷத்துல முழுசா கரைஞ்சு போச்சு. 550க்கும் மேல இருந்த சமஸ்தானங்களைப் படேலும் வி.பி.மேனனும் இப்படித்தான் ஒவ்வொண்ணா இழுத்தாங்க. ஆனா மைசூர் அளவுக்குச் சத்தமில்லாம எல்லாம் நடக்கலை, ஹைதராபாத்தை நினைச்சுப் பாருங்க.

1948 நவம்பர்ல வரைவை சபையில வைக்கும்போது அம்பேத்கர் ஒரு முக்கியமான விஷயம் சொல்றார். இந்த ஒன்றியம் மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு உருவானது இல்ல, அதனால பிரிஞ்சு போற உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லைன்னு. சென்னைக்கு அது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அத்திப்பள்ளிக்கு அந்தப்பக்கம் ஒரு ஒப்பந்தம் இருந்துச்சே! என்னைக் கேட்டா நம்ம அரசியல் சட்டத்தோட பெரிய சாமர்த்தியமே இதுதான். கையெழுத்துப் போட்டு வந்தவங்களையும், கேக்காமலே சேர்க்கப்பட்டவங்களையும் ஒரே வரியில நிறுத்திடுச்சு. சாமர்த்தியமா அநியாயமான்னு நீங்க சண்டை போடலாம், நான் ரெடி.

இதோட விளைவு எல்லைக்காரங்களுக்குத்தான் நல்லா தெரியும். அமெரிக்காவுல ஒரு மாநிலத்தைப் பிரிக்கணும்னா அந்த மாநில சட்டசபை சம்மதிக்கணும். இங்க 3வது பிரிவுப்படி சட்டசபைகிட்ட கருத்து மட்டும் கேட்டாப் போதும், முடிவு பார்லிமெண்ட் கையில. 1956 நவம்பர் 1 அன்னிக்கு அப்படித்தான் கோயம்புத்தூர் மாவட்டத்துல இருந்த கொள்ளேகால் மைசூருக்குப் போச்சு. தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்கு வீடு கேக்கற ஓசூர் இங்கயே நின்னுச்சு.

301வது பிரிவு நாடு முழுக்க வியாபாரம் சுதந்திரமா நடக்கணும்னு சொல்லுது. ஆனா விற்பனை வரி மாநிலத்துக்கு. அதனால சிப்காட்ல இருந்து கிளம்புற லாரி பல வருஷம் செக்போஸ்ட்ல பில்லைக் காட்டிட்டு நின்னுச்சு. 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்தப்புறம்தான் அந்த வரி செக்போஸ்ட் போச்சு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ராஜ்யசபாவுல தமிழ்நாட்டுக்கு 18 சீட், கர்நாடகாவுக்கு 12. ஜிஎஸ்டி கவுன்சில்ல மட்டும் தமிழ்நாடும் சிக்கிமும் ஒரே எடை! 1781 அமெரிக்காவோட 'ஆளுக்கு ஒரு ஓட்டு' இங்க பின்வாசல் வழியா வந்திருக்கு.

வியாபாரம் தீர்ந்துச்சு, ஆறு தீரலை. தென்பெண்ணை நந்தி மலையில பொறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை வழியா கிருஷ்ணகிரி வருது. இதுக்கு இன்னிக்கும் எடுத்து வைக்கிற ஆதாரம் 1892ல சென்னையும் மைசூரும் போட்ட ஒப்பந்தம். 2018ல தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட் போச்சு. 2019 நவம்பர்ல கோர்ட், நடுவர் மன்றம் கேளுங்கன்னு சொல்லி இடைக்கால மனுவைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. கையெழுத்துப் போட்ட ரெண்டு அரசும் இப்போ இல்ல, காகிதம் மட்டும் உயிரோட இருக்கு.

பி.கு: 1950 ஜனவரி 26 அன்னிக்கு இந்தியா குடியரசுன்னு பிரகடனம் வாசிச்சவர் ராஜாஜி. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். மைசூர் மகாராஜாவுக்கு மன்னர் மானியம் வருஷத்துக்கு 26 லட்சம். 1971ல அதை நிறுத்தினது அரசியல் சட்டத்தோட 26வது திருத்தம்.