விளக்கும் பதுங்கு குழியும்: யாழ்ப்பாண இல்லங்களின் இடர்காப்பு (1990–1995)

வரலாறு என்பது போர்களினதும் உடன்படிக்கைகளினதும் பதிவு மாத்திரமன்று. அடுக்களையும் முற்றமும்கூட அதன் களங்களேயாகும். 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதையடுத்து யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பெற்றோல், மின்கலம், சீமெந்து முதலியன தடைக்குள்ளாயின, மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. இந்நெருக்கடியைச் சாதாரண இல்லங்கள் எங்ஙனம் எதிர்கொண்டன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒளியை எடுத்துக்கொள்வோம். அரிக்கன் லாம்பு எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். ஆதலின் ஜாம் போத்தல் விளக்கு தோன்றிற்று. போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்குச் சில கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியொன்றைப் பொருத்துவர். சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மிஞ்சும். ஒரு தலைமுறை மாணவர் இவ்வொளியிலேயே பரீட்சைகளுக்குப் படித்தனர்.

செய்தியறிதலும் உயிர்காப்பின் ஒரு கூறாயிற்று. மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோ தந்த மின்னால் வானொலி இயங்கியது. அயலவர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

ஒளியிலும் இன்றியமையாதது உறைவிடக் காப்பாகும். வளவுதோறும் பதுங்கு குழிகள் வெட்டப்பட்டன. வாயிலருகே குண்டு வெடிப்பினும் சிதறல்கள் உள்ளே பாயாதிருக்கவே பல குழிகள் ‘ட’ வடிவில் அமைந்தன. சீமெந்து இன்மையாற் பனங்குற்றிகளும், கைவிடப்பட்ட புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டைகளும் கூரையாயின. அவற்றின்மீது மண்மூடைகள் அடுக்கப்பட்டன. மாரியில் நீரும், ஏனைய காலங்களிற் பாம்பும் இக்குழிகளுட் புகுந்தன. நேரடியாக வீழும் குண்டுக்கு அவை ஈடுகொடுக்கவுமில்லை. எனவே இவ்வேற்பாடுகளை வெறும் சாதனையாகப் போற்றுதல் பொருந்தாது. அவை வேறுவழியற்றோரின் விடைகளாகும்.

இறுதியாக, வாயிலருகே ஆயத்தமாயிருந்த பையைக் குறிப்பிடல் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணியுறுதி, நகை, மாற்றுடை என்பன அதனுள் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஓரிரவில் வெளியேற நேர்ந்தபோது, பலருக்கு அப்பையே எஞ்சிய வீடாயிற்று.

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, மெழுகுதிரியும் மண்ணெண்ணெயும் தேடி மக்கள் அலைந்தனர். சிக்கனம், மாற்றுவழி, புறப்பட ஆயத்தம் ஆகிய மூன்றையும் ஒருகாலத்தில் நன்கறிந்திருந்த இல்லங்கள் இந்நாட்டிலேயே உள. எனினும் அவ்வறிவு பெரும்பாலும் அன்னையரின் நினைவிலேயே தங்கியுள்ளது. அது மறையுமுன் கேட்டு எழுதிவைத்தல் வரலாற்று மாணவராகிய எமது கடனாகும்.