பூட்டின் குறையை முதலில் யாரிடம் சொல்வது?

லண்டன் பிக்கடில்லி வீதியில் இருந்த பிராமா நிறுவனத்தின் கடைச் சாளரத்தில் பல்லாண்டுகளாக ஒரு பூட்டு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்கவல்ல கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தார்கள். 1784-இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற பூட்டு வகை அது. 1814-இல் அவர் மறைந்தார், அறைகூவல் மறையவில்லை. 1851 வரை அந்தப் பரிசை எவரும் பெறவுமில்லை.

அவ்வாண்டு ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை எழுந்தது. உலகப் பொருட்காட்சி நடந்தது. டே அண்ட் நியூவெல் என்ற அமெரிக்கப் பூட்டு நிறுவனத்தின் சார்பில் வந்திறங்கினார் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ். முதலில் அவர் கைவைத்தது சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டில். அந்நியர் எவரேனும் திறக்க முயன்றால் இறுகிக்கொண்டு, உரியவர் அடுத்தமுறை சாவி போடும்போது காட்டிக்கொடுத்துவிடும் பூட்டு அது. சாட்சிகள் முன்னிலையில் ஏறத்தாழ 25 நிமிடங்களில் அதைத் திறந்துகாட்டினார். அடுத்தது பிராமா. 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். நிறுவனம் முணுமுணுத்தது, நடுவர்களோ பரிசு அவருக்குரியதே என்றார்கள்.

பூட்டு திறந்தது, வாயும் திறந்தது. இப்படிக் குறைகளை ஊரறியச் செய்வது கள்வனுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்ற கேள்வி எழுந்தது. ஹாப்ஸின் குறிப்புகளைக் கொண்டு சார்ல்ஸ் டாம்லின்சன் பதிப்பித்து 1853-இல் வெளிவந்த பூட்டுகள் பற்றிய நூல் இதற்கு விடை சொல்ல முயன்றது. கள்வன் தன் தொழிலை நம்மிடம் கற்கவேண்டியதில்லை, அவன் ஏற்கெனவே அறிந்தவன். அறியாதிருப்பவன் பூட்டை நம்பி உறங்கும் வீட்டுக்காரன் மட்டுமே. ஆகவே உண்மை பரவுவது அவனுக்கே நன்மை என்பது அந்நூலின் வாதம். ஹாப்ஸும் பூட்டு விற்க வந்தவர்தாம் என்பதை மறந்துவிடலாகாது. பின்னர் லண்டனிலேயே அவர் தொழில் தொடங்கினார். அதே பத்தாண்டில், அவர் கொண்டுவந்த அமெரிக்கப் பூட்டையும் லைனஸ் யேல் என்ற இளையவர் திறந்துகாட்டினார் என்பது வரலாற்றின் குறும்பு.

*

பூட்டுக்காரர்களின் இந்தப் பழைய வழக்கு அப்படியே கணினி உலகுக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிராமா பூட்டைத் திறக்க ஹாப்ஸின் கைத்திறனும் 51 மணி நேரமும் வேண்டியிருந்தன. மென்பொருளின் ஓட்டையோ, ஒருவர் அதற்கொரு நிரல் எழுதிவிட்டால், திறன் ஏதுமற்றவரின் கையிலும் ஒரே நொடியில் ஆயிரம் வீடுகளைத் திறக்கும். அறியாதவனைக் காக்கும் அறிவு, அவன் விழித்துக்கொள்வதற்கு முன்பே அவனை அழிக்கவும் கூடும்.

1988 நவம்பரில் மாரிஸ் புழு இணையத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதன் விளைவாகக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் தோன்றியது. ஓட்டையைக் கண்டவர் அங்கே தெரிவிப்பார். மையம் நிறுவனத்துக்குச் சொல்லும். தீர்வு வந்தபின் உலகம் அறியும். ஏற்பாடு அழகியது. ஆனால் உலகம் அறியாத குறையைத் திருத்துவதில் நிறுவனங்களுக்கு என்ன அவசரம்? மாதக்கணக்கில் காத்து அலுத்தவர்கள், 1993-இல் தோன்றிய பக்டிராக் என்ற மின்மடல் குழுவில் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதலானார்கள். வெட்கம், கடிதத்தைவிட விரைவாக வேலை செய்தது.

2001-இல் கோட் ரெட், நிம்டா ஆகிய புழுக்கள் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களின் ஓட்டைகள் வழியே பரவியபோது, அந்நிறுவனத்தின் ஸ்காட் கல்ப் இந்த வெளிப்படைத்தன்மையை அராஜகம் என்றே கண்டித்து எழுதினார். தாக்குபவர்களுக்கு வரைபடம் தருவது நீங்கள்தாம் என்பது குற்றச்சாட்டு. ஓட்டையை வைத்தது யார் என்பது எதிர்க்கேள்வி. இரண்டிலும் உண்மை இருந்தது.

*

பொறுமை எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2008 நல்ல சாட்சி. இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பின் அடிப்படையிலேயே ஒரு பிழையை டான் காமின்ஸ்கி கண்டார். கேள்விக்கும் விடைக்குமான அடையாள எண்ணில் 65,536 வாய்ப்புகளே உண்டு. அதைத் திரும்பத் திரும்ப ஊகித்துப் பார்க்க அவர் ஒரு வழி கண்டிருந்தார். வங்கியின் பெயரைத் தட்டச்சு செய்பவரைக் கள்வனின் வாசலுக்கு அனுப்பிவிடலாம். குறை ஒரு நிறுவனத்தினுடையதன்று, எல்லோருடையதும். மார்ச் 31 அன்று மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் 16 வல்லுநர்கள் கூடினார்கள். தொழிற்போட்டியாளர்கள் ஒன்றாய் வாய்மூடி உழைத்து, ஜூலை 8 அன்று ஒரே நாளில் திருத்தங்களை வெளியிட்டார்கள்.

விவரத்தை ஆகஸ்டில் சொல்கிறேன், அதுவரை ஊகிக்காதீர்கள் என்று காமின்ஸ்கி கேட்டுக்கொண்டார். ஜூலை 21 அன்று இன்னொரு ஆய்வாளர் ஊகித்துவிட்டார். ரகசியம் இரு வாரமே தாங்கியது. எனினும் அந்த இரு வாரங்களில் எத்தனையோ வழங்கிகள் திருத்தப்பட்டிருந்தன.

அதே ஆகஸ்டில் பாஸ்டனில் வேறொரு காட்சி. அங்குள்ள போக்குவரத்து வாரியத்தின் பயணச்சீட்டு முறையில் குறை கண்ட மூன்று மாணவர்கள் மாநாட்டில் பேசவிருந்தார்கள். தமக்கு உரிய காலத்தில் விவரம் தரப்படவில்லை என்று வாரியம் நீதிமன்றம் சென்று தடை பெற்றது. ஆனால் உரையின் படவில்லைகள் முன்பே மாநாட்டினர் கைக்குப் போயிருந்தன. போதாக்குறைக்கு, வாரியமே தன் மனுவோடு மாணவர்களின் அறிக்கையைப் பொது ஆவணமாகச் சேர்த்துவிட்டது. பத்து நாளில் தடை நீங்கியது. வாயை மூடப் போனவர்களே ஊருக்கு வாசித்துக்காட்டியதுபோலாயிற்று.

*

‘பொறுப்பான அறிவிப்பு’ என்று இம்முறைக்குப் பெயரிட்டிருந்தார்கள். அப்பெயரே கண்டவர் மீது மட்டும் சுமையை ஏற்றுகிறது, செய்தவரை விட்டுவிடுகிறது என்ற மனத்தாங்கல் நெடுநாள் இருந்தது. 2010-இல் மைக்ரோசாஃப்ட்டே அச்சொல்லைக் கைவிட்டு ‘ஒருங்கிணைந்த அறிவிப்பு’ என்றது. தமிழில் பொறுப்பு என்ற சொல் பொறுத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. தாங்குதலும் காத்திருத்தலும் அதற்குள் ஒன்றாய் உறைகின்றன. எவ்வளவு நாள் பொறுப்பது என்பதுதான் இவ்வரலாறு முழுவதும் நடந்த வழக்கு. 2014-இல் தொடங்கிய கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு அதற்கு 90 நாள் என்று ஒரு கணக்கு வைத்தது.

கேள்வி இப்போது இன்னொரு திசையிலும் நீண்டிருக்கிறது. 2021 நவம்பரில் அலிபாபா மேகக்கணினிப் பிரிவின் ஊழியர் ஒருவர் லாக்4ஜே என்ற மென்பொருளின் கடும் ஓட்டையைக் கண்டு, முறைப்படி அதைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்குத் தெரிவித்தார். தமக்கு உடனே சொல்லவில்லை என்று சீன அமைச்சகம் அப்பிரிவுடனான ஒத்துழைப்பை ஆறு மாதம் நிறுத்திவைத்தது. திருத்துபவர் அறியவேண்டிய செய்தியை அரசும் உடனே அறியவேண்டும் என்றால், அது எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது. பூட்டின் பலவீனத்தை அறிய விரும்புபவர்கள் கள்வர்கள் மட்டுமல்லர்.

ஹாப்ஸின் காலத்தில் பூட்டுக்காரன், கள்வன், வீட்டுக்காரன் என மூவரே இருந்தார்கள். இன்று கூட்டம் பெருத்துவிட்டது. கடைசியாக அறிபவன் மட்டும் மாறவில்லை. அவன் இன்னும் அந்தப் பூட்டை நம்பித்தான் உறங்குகிறான்.