தீமலையின் மூச்சு

அடுகோடியில் வாழும் நம்மனோர்க்கு வானூர்தியின் ஒலி புதிதன்று. 1940ஆம் ஆண்டிலேயே விமானத் தொழிற்சாலை கண்ட நகரம் இது. ஓட்டுநர் இன்றிப் பறக்கும் ‘லக்ஷ்யா’, ‘நிஷாந்த்’ ஆகியனவும் இங்குள்ள ஆய்வுக்கூடமொன்றில் உருவானவையே. அத்தகைய ஊர்தியை அலுவலகக் கோப்பில் ‘ஆளில்லா வானூர்தி’ என்று எழுதி வருகிறேன். நம் பிள்ளைகளோ ‘ட்ரோன்’ என்கின்றனர். அவர்கள் சொல்லே வென்றுவிடும் போலும்! அஃது எரிமலையின் வாய்வரை சென்ற வரலாற்றை இன்று காண்போம்.

நம் நாட்டில் இன்றும் கனலும் எரிமலை ஒன்றே உளது. போர்ட் பிளேர் என்று முன்னர் வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திற்கு வடகிழக்கே, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் கடல் நடுவே நிற்கும் பாரன் தீவே அது. அங்குக் குடிமக்கள் இல்லை. அது 1787இல் தீக் கக்கியதாகக் குறிப்பு உண்டு. பின்னர் நெடுங்காலம் உறங்கி 1991இல் விழித்தது. 2017 ஜனவரி 23ஆம் நாள், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் அருகே கடலடி மண் எடுத்துக்கொண்டிருந்தபோது சாம்பல் எழக் கண்டனர். கப்பலை ஏறத்தாழ ஒரு மைல் விலக்கி நிறுத்தி நோக்கினர். பகலில் புகையாகத் தெரிந்தது, பொழுது சாய்ந்ததும் செந்நெருப்பாயிற்று.

விலகி நிற்பதற்குக் காரணம் உண்டு. 1993 ஜனவரி 14ஆம் நாள், கொலம்பியாவின் கலேராஸ் மலைவாயில் வாயு எடுக்கவும் அளவைகள் செய்யவும் சென்றிருந்த அறிஞருள் அறுவர் திடீர் வெடிப்பில் மாண்டனர். காண வந்த மூவரும் உடன் மடிந்தனர்.

உயிரைப் பணயம் வைக்கும் அளவிற்கு அவ்வாயுவில் என்ன இருக்கிறது? சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். உருகிய பாறையும் மேலெழுந்து அழுத்தம் குறையக் குறைய வாயுவை விடுகிறது. கரியமில வாயு ஆழத்திலேயே பிரிந்துவிடும். கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் மேலே வந்தபின்னரே பிரியும். ஆதலின் கந்தக வாயுவை நோக்கக் கரியமில வாயுவின் பங்கு மிகுமாயின், புதுக்குழம்பு ஏறுகிறது என்று ஐயுறலாம். கந்தக வாயுவைச் செயற்கைக்கோள் காணும். காற்றில் முன்பே கலந்துள்ள கரியமில வாயுவைத் தொலைவிலிருந்து பிரித்தறிவது கடினம். புகையினுள்ளேயே கருவி புக வேண்டும்.

2013இல் கோஸ்டாரிகாவின் துரியால்பா மலைப்புகையில் நாசா சிற்றூர்திகளைச் செலுத்தியது. 2019இல் பாப்புவா நியூகினியின் மானம் தீவில் பன்னாட்டுக் குழுவினர் அடிவாரத்தில் நின்றபடியே, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவும் 2,000 மீட்டர் உயரமும் ஊர்தியைச் செலுத்தி இரு வாயுக்களையும் அளந்தனர்.

மானம் பாரனைப் போல் ஆளற்ற தீவன்று. 2004ஆம் ஆண்டு வெடிப்பின்போது அங்கிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 9,000 பேர். அவருட் பலர் பின்னர் அம்மலையடிக்கே திரும்பி வந்து குடியிருக்கின்றனர்.