கத்திமுனையில் பாடம் நடத்திய கோடீஸ்வரர்

குத்துச்சண்டை வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் நெடுநேரம் நின்றுவிடுவது பிலடெல்பியாவின் அந்தோணி ஜோசப் டிரெக்ஸல் பிடிலிடம்தான். 1874இல் பிறந்தவர். தாய்வழித் தாத்தா பெரிய வங்கி அதிபர், ஜே.பி. மார்கனின் கூட்டாளி. தலைமுறைக்கும் தீராத சொத்து இருந்தும், பிடில் கையுறை மாட்டிக்கொண்டு தொழில்முறை வீரர்களோடு மோதினார். உலகச் சாம்பியன் ஜாக் ஜான்சனோடு பயிற்சிச் சண்டை போட்டார். உடலுறுதியையும் வேதபாடத்தையும் இணைத்து வகுப்புகள் நடத்தினார். 1919இல் குத்துச்சண்டை வீரர் டெம்ப்சி, அப்போதைய உலகச் சாம்பியன் வில்லர்டை வீழ்த்திய போட்டிக்கு நடுவர்களில் ஒருவர்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து கைகலப்புப் போர் கற்பித்தார். அறுபதைத் தாண்டிய பிறகும் அவர் பாடம் ஒன்றுதான்: இளம் வீரர்கள் உறையில்லாத துப்பாக்கிமுனைக் கத்தியோடு தன்னைக் கொல்ல வரவேண்டும். வெறுங்கையோடு நிற்பவர், பாய்ந்து வரும் முனைக்கு விலகி, துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார். கத்தி, ஜியுஜிட்சு உத்திகளை 1937இல் கையேடாகவும் எழுதினார்.

1948இல் மறைந்தார். பணக்காரர் விளையாட்டுக்குக் காசு கொடுப்பது எளிது. பிடில் தன் உடம்பையே கொடுத்தார். என் மதிப்பு அதற்குத்தான்.