நடுவர் காணாத பக்கம்: ஆய்வுச் சஞ்சிகைகளின் மீளாய்வு மரபு குறித்து

ஆய்வுச் சஞ்சிகையொன்றின் உள்ளட்டையில் ‘நடுவர் மீளாய்வுக்கு உட்பட்டது’ என்றொரு வரி இருந்தால் நம்மில் பலர் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. பதவியுயர்வுக்கு விண்ணப்பிப்பவருக்கு அந்த வரி புள்ளி. பட்டப்பின் படிப்பு மாணவருக்கு அது மேற்கோள் காட்டப் போதுமான அத்தாட்சி. அதற்கு இன்றிருக்கும் மதிப்பைப் பார்த்தால், அறிவுலகம் தோன்றிய நாளிலேயே கூடப் பிறந்த ஏற்பாடு போலத் தெரியும். உண்மையில் நமது வாப்பாமார் பள்ளிக்கூடம் போன காலத்தில்கூட அது முழுதாக நிலைபெற்றிருக்கவில்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யமாட்டாது என்பதை அதன் வரலாற்றிலிருந்துதான் விளங்கிக்கொள்ள முடியும்.

வரலாறு என்றதும் நம்மவர்களின் கட்டுரைகளில் அடிக்கடி வருகின்ற ஒரு கூற்றை முதலில் பார்த்துவிடலாம். மீளாய்வு முறையை முதன்முதலில் சொன்னவர் 9ஆம் நூற்றாண்டு வைத்தியர் இஸ்ஹாக் இப்னு அலீ அர்-ருஹாவீ என்பது அக்கூற்று. ‘அதபுத் தபீப்’ என்ற அவருடைய நூலில், வைத்தியர் நோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதி வைக்க வேண்டும், பின்னர் அக்குறிப்புகளை ஏனைய வைத்தியர்கள் பார்த்து சிகிச்சை முறைப்படி நடந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற கருத்து இருக்கிறது. ரே ஸ்பியர் 2002இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு இச்செய்தி உலகமெங்கும் பரவியது. நல்ல செய்திதான். ஆனால் அங்கே பரிசீலிக்கப்படுவது சிகிச்சை. அச்சுக்குப் போகும் எழுத்தல்ல. ருஹாவீ முஸ்லிமா, கிறிஸ்தவரா என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அரபு மருத்துவ மரபுக்குச் சொந்தப் பெருமை நிறைய இருக்கிறது. அதற்கு இரவல் சட்டை போட்டுவிட வேண்டிய தேவையில்லை.

நாம் இன்று காணும் ஆய்வுச் சஞ்சிகை 1665இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜனவரியில் பாரிஸிலும் மார்ச்சில் இலண்டனிலும் இரண்டு இதழ்கள் வெளிவந்தன. இலண்டன் இதழான ‘பிலோசொபிக்கல் ட்ரான்ஸாக்‌ஷன்ஸ்’, ரோயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் தனது சொந்தப் பொறுப்பில் நடத்தியது. ஜேர்மனியின் பிரேமன் நகரத்தவர். கடிதம் எழுதுவதே அவருடைய தொழில் என்று சொல்லலாம். வெளிநாட்டாரோடு அத்தனை கடிதத் தொடர்பு வைத்திருந்ததால் சந்தேகத்தின் பேரில் 1667இல் இலண்டன் கோபுரத்தில் அடைக்கவும் பட்டார். எதைப் போடுவது, எதை விடுவது என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. 1752இல்தான் சொசைட்டி அந்த இதழைத் தன் பொறுப்பில் எடுத்து, கட்டுரைகளைத் தெரிவு செய்ய ஒரு குழுவை அமைத்தது. அக்குழு வாக்கெடுத்து முடிவு செய்யும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்திலே அறிக்கை வாங்கும் வழக்கம் வர இன்னும் 80 ஆண்டுகள் ஆயின. வில்லியம் வேவெல் அந்த யோசனையை 1831இல் முன்வைத்தார். வானியலாளர் ஜோர்ஜ் ஏரியின் கட்டுரை அவரிடமும் ஜோன் லபொக்கிடமும் கொடுக்கப்பட்டது. முதல் முயற்சியிலேயே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு நல்ல ஆய்வை உலகத்துக்கு அறிமுகப்படுத்துவதுதான் அறிக்கையின் வேலை என்பது வேவெலின் எண்ணம். லபொக்கோ கணக்கில் எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் வேவெலின் பாராட்டு அறிக்கைதான் போனது. ஆனாலும் காலப்போக்கில் வென்றது லபொக்கின் வழி. இன்று நடுவரென்றால் பிழை பிடிப்பவர் என்றே நாம் நினைக்கிறோம்.

1936ஆம் ஆண்டுச் சம்பவமொன்று, இந்த முறை ஒழுங்காக வேலை செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு நான் அறிந்த மிகச்சிறந்த சான்று. ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும், ஈர்ப்பு அலைகள் என்று எதுவும் இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை ‘பிசிக்கல் ரிவியூ’வுக்கு அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜோன் டேட் அதை ஒரு நடுவரிடம் கொடுத்தார். பத்துப் பக்க அறிக்கை வந்தது, பிழைகளைச் சுட்டிக்காட்டி. டேட் அதை ஐன்ஸ்டைனுக்கே அனுப்பி வைத்தார். ஐன்ஸ்டைனுக்குக் கடுங்கோபம். அச்சிடுவதற்காகத்தான் தந்தோம், அதற்கு முன் வேறு ஆட்களிடம் காட்டுவதற்கு உங்களுக்கு யார் அனுமதி தந்தது என்ற தோரணையில் பதில் எழுதி, கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அவர் பழகிய ஜேர்மன் சஞ்சிகைகளில் அப்படியொரு வழக்கம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சஞ்சிகைக்கு அவர் ஆய்வுக் கட்டுரை எதுவும் கொடுக்கவில்லை.

அந்த நடுவர் ஹொவார்ட் ரொபர்ட்சன். தன் அறிக்கை புறந்தள்ளப்பட்டது என்று அவர் முறுகிக்கொண்டு நிற்கவில்லை. அறிக்கை எழுதியது தான்தான் என்று காட்டிக்கொள்ளாமல், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனின் உதவியாளராக இருந்த லியோபோல்ட் இன்ஃபெல்டோடு பேசிப் பழகி, பிழை எங்கே என்பதை அவருக்கு விளக்கினார். அது இன்ஃபெல்ட் வழியாக ஐன்ஸ்டைனைப் போய்ச் சேர்ந்தது. 1937இல் வேறொரு சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்தபோது முடிவு மாற்றப்பட்டிருந்தது. ரொபர்ட்சனின் பெயர் 2005இல்தான் பகிரங்கமானது. சஞ்சிகையின் பழைய பதிவேட்டைப் பார்த்து ஒரு வரலாற்றாசிரியர் வெளியிட்டார். பத்து ஆண்டு கழித்து, 2015 செப்டெம்பரில், ஈர்ப்பு அலைகள் கருவியில் பதிவாயின. பெயர் பெரிதென்று பார்க்காமல் பிழையைச் சொன்னார், சொன்னது நானென்று பெருமை தேடவுமில்லை. நடுவரின் ஒழுக்கம் என்று எத்தனை பக்கம் விதி எழுதினாலும் இதைவிட அதிகமாக எதைச் சொல்ல முடியும்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆய்வுகளும் பெருகின, அரசாங்கப் பணமும் பெருகியது. அதோடு மீளாய்வும் பரவியது. இருந்தும் ‘நேச்சர்’ எல்லாக் கட்டுரைக்கும் அதைக் கட்டாயமாக்கியது 1973இல்தான். மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை நடுவரிடம் போகாமலே அதில் வெளிவந்தது. ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகை 1976இல் இம்முறைக்கு மாறியது.

அந்த லான்செட்டில்தான் 1998 பெப்ரவரி 28ஆம் திகதி அந்தக் கட்டுரை வந்தது. இலண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையைச் சேர்ந்த அன்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 பேரும் எழுதியது. ஆராயப்பட்ட பிள்ளைகளும் 12 பேர்தான். குடல் நோயும் ஓட்டிசமும் சேர்ந்திருந்த பிள்ளைகள் என்றும், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டபின் இது தொடங்கியதாகப் பலருடைய பெற்றோர் சொன்னார்கள் என்றும் கட்டுரை கூறியது. தொடர்பை நாங்கள் நிரூபிக்கவில்லை என்ற எச்சரிக்கையும் உள்ளே இருந்தது. கட்டுரை நடுவர்களிடம் போய்த்தான் வந்தது. அதே இதழில் அதன் பலவீனங்களைச் சுட்டி ஒரு விமர்சனக் குறிப்பும் போடப்பட்டது. சஞ்சிகையின் முறைப்படி பார்த்தால் எல்லாம் சரி.

ஆனால் வேக்ஃபீல்ட் பத்திரிகையாளர் மாநாட்டில், மூன்றையும் ஒன்றாகப் போடவேண்டாம், தனித்தனியாகப் போடுங்கள் என்றார். கட்டுரையின் எச்சரிக்கை வாசகத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? இங்கிலாந்தில் 92 சதவீதமளவில் இருந்த தடுப்பூசி ஏற்றம் சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு இறங்கியது. டென்மார்க்கில் 5 இலட்சத்து 37 ஆயிரம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்து, தொடர்பில்லை என்று காட்டியது. பயம் போகவில்லை. 2012இன் இறுதியில் வேல்ஸின் சுவான்சீ பகுதியில் தொடங்கிய சின்னமுத்துப் பரவலில் 1,200க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாக அறிவிக்கப்பட்டார்கள். அந்தப் பீதிக் காலத்தில் ஊசி போடாமல் விடப்பட்ட பிள்ளைகள் பலர் அப்போது பாடசாலை மாணவர்கள்.

நடுவர்களுக்குத் தெரியாமல் இருந்தவை என்னவென்று பாருங்கள். தடுப்பூசி உற்பத்தியாளர்கள் மீது வழக்குப் போட இருந்த ஒரு சட்டத்தரணியிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. பின்னர் கணக்குப் பார்த்தபோது 4 இலட்சம் பவுணுக்கு மேல். சின்னமுத்துக்குத் தனித் தடுப்பூசி ஒன்றுக்காக 1997இலேயே அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். பிள்ளைகள் வழமைபோல ஒருவர்பின் ஒருவராக வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று எழுதியதும், ஒழுக்கவியல் குழுவின் அனுமதி பெறப்பட்டது என்று எழுதியதும் பொய். இது எதையும் கட்டுரையை எத்தனை தரம் திருப்பித் திருப்பி வாசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடித்தவர் நடுவரல்ல, பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர். ‘சண்டே டைம்ஸ்’ 2004 பெப்ரவரியில் அவருடைய முதல் அறிக்கையை வெளியிட்டது. அடுத்த மாதமே 13 ஆசிரியர்களில் 10 பேர், தடுப்பூசி பற்றிய விளக்கத்திலிருந்து தாங்கள் விலகிக்கொள்வதாக எழுதினார்கள். லான்செட் கட்டுரையை விட்டுவைத்தது. பிரித்தானிய பொது மருத்துவ சபை இரண்டரை ஆண்டுகள் விசாரித்தது. மகனுடைய பிறந்தநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு ஐந்து பவுண் கொடுத்து இரத்தம் எடுத்ததும் அதில் வெளியானது. 2010 ஜனவரியில் தீர்ப்பு வந்த பிறகு, பெப்ரவரி 2ஆம் திகதி லான்செட் கட்டுரையை முழுதாக மீளப்பெற்றது. வேக்ஃபீல்டின் பெயர் அதே ஆண்டு மே மாதம் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 12 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையைத் திருப்பி எடுக்க 12 ஆண்டுகள். முதல் ஆறு ஆண்டுக்கு ஏமாந்தோம் என்று சொல்லலாம். 2004க்குப் பிறகான ஆறு ஆண்டுகளை நான் அப்படிப் பார்க்கவில்லை. அது ஒரு பெரிய சஞ்சிகை தன் பெயரைக் காத்துக்கொண்டிருந்த காலம்.

ஹதீஸ் கலையோடு பழக்கமுள்ள வாசகருக்கு இதில் எது விடுபட்டது என்பது உடனே புரியும். அங்கே மத்னை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. கொண்டுவந்தவர் யார், யாரிடம் கேட்டார், அவருடைய நாணயம் எப்படி என்று ஸனதையும் பிரித்துப் பார்ப்பார்கள். நடுவர் மீளாய்வு அதற்கு நேரெதிரான இடத்திலிருந்து வந்தது. பெயரைப் பார்த்தால் பக்கச்சார்பு வரும் என்ற நியாயமான பயத்தில், பல சஞ்சிகைகள் ஆசிரியரின் பெயரையே மறைத்து எழுத்தை மட்டும் நடுவருக்குக் கொடுக்கின்றன. ஐன்ஸ்டைன் விஷயத்தில் பார்த்ததுபோல பெயருக்குப் பயப்படாமலிருப்பது நல்லதுதான். ஆனால் அறிவிப்பாளரை விசாரிக்கும் வேலை யாருடையது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. நலன் முரண்பாட்டை வெளிப்படுத்து, பணம் தந்தது யாரென்று சொல், மூலத் தரவைக் காட்டு என்று சஞ்சிகைகள் பின்னர் இறுக்கிய விதிகள் எல்லாம் ஒரு வகையில் ஸனதைக் கேட்பவை. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைப் பதிப்பாசிரியர்கள் சிலர் 1997இல் தொடங்கிய ‘கோப்’ என்ற வெளியீட்டு ஒழுக்கவியல் அமைப்பு இப்போது எல்லாத் துறைகளுக்கும் வழிகாட்டி நெறிகள் தருகிறது. முறைப்பாடு வந்தால் பதிப்பாசிரியர் என்ன செய்ய வேண்டும், எப்போது மீளப்பெற வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு.

விதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதே லான்செட் 2020 மே 22இல் கொரோனா நோயாளர் 96 ஆயிரம் பேரின் தரவு என்று சொல்லி ஹைட்ரொக்சிக்ளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை போட்டது. உலக சுகாதார நிறுவனம் அம்மருந்து மீதான பரிசோதனையை உடனே இடைநிறுத்தியது. ஆனால் கட்டுரை சொன்ன அவுஸ்திரேலிய மரண எண்ணிக்கை, அந்த நாட்டில் அதுவரை பதிவான மொத்த மரணங்களையும் விட அதிகமாக இருந்தது! வெளியிலிருந்த ஆய்வாளர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். தரவைத் திரட்டிய சேர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் அதைச் சுயாதீனப் பரிசோதகருக்குக் காட்ட மறுத்தது. ஜூன் 4ஆம் திகதி கட்டுரை மீளப்பெறப்பட்டது. இம்முறை 13 நாட்கள். நடுவர்கள் இங்கும் கண்டுபிடிக்கவில்லை. சஞ்சிகை பெயரைப் பார்த்துக்கொண்டிருக்காததுதான் வித்தியாசம்.

பெரிய சஞ்சிகைகளின் நிலை இது. நமது ஆசிரியர்களுக்கும் இளம் விரிவுரையாளர்களுக்கும் மின்னஞ்சலில் வருகிற அழைப்புகள் வேறு சாதி. “சேர், பேப்பரொண்டு போட வேணும், கெதியா வாற இடமா ஒண்டு சொல்லுங்க” என்று கேட்டு வருகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; புள்ளி முறை அவர்களை அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் 2013இல் ஜோன் பொஹானன் என்ற எழுத்தாளர், வேண்டுமென்றே பிழைகள் நிறைத்த ஒரு பொய்யான மருந்து ஆய்வை, கட்டணம் வாங்கி வெளியிடும் 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 சஞ்சிகைகள் ஏற்றுக்கொண்டன. இப்படிப்பட்டவற்றுக்கு ‘வேட்டைச் சஞ்சிகைகள்’ என்ற பொருளில் பெயர் வைத்து, பட்டியலும் போட்டு வந்த அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல், 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்.

ஆகவே கட்டுரையைக் கொடுக்குமுன் நாமே சிலவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பதிப்பாசிரியர் குழுவில் பெயருள்ள பேராசிரியருக்கு, அவர் அந்தக் குழுவில் இருப்பது தெரியுமா? ஒரு கிழமைக்குள் மீளாய்வு முடியும் என்றால் அதை வாசிப்பது யார்? நடுவரின் அறிக்கையை நமக்குத் தருவார்களா? நான் எல்லாவற்றுக்கும் முன் தேடிப் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தச் சஞ்சிகை இதுவரை ஒரு கட்டுரையையாவது திருத்தியதாக, அல்லது மீளப்பெற்றதாக எங்கேனும் அறிவித்திருக்கிறதா? லான்செட்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். பக்கங்களுக்குக் குறுக்கே, மீளப்பெறப்பட்டது என்று சிவப்பெழுத்தில் இருக்கிறது.